முன்மொழிந்தவர் வெள்ளத்துரை

அத்தியாயம் 14

மகள் ஒரு மனு போட்டாள் என்பதற்காக ஒரு வீடே ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ராயபுரத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் வெள்ளத்துரையின் வீட்டில் கொஞ்ச காலமாக அதுதான் நடக்கிறது. நடுவில் கிடந்து அல்லாடுவது அவர் மனைவி ஞானசெல்வி. அப்பன் சொல்ல வேண்டியதை மகளிடமும் மகள் சொல்ல வேண்டியதை அப்பனிடமும் கொண்டு சேர்த்துச் சேர்த்து அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் சுஜா திருவொற்றியூர் பக்கம் இருக்கும் வியாபாரிகள் சங்கத்துக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவளுடைய உயிர்த்தோழி வினிதா, குப்பத்துச் சுப்புராயனின் மகள். கல்லூரிக் கலைவிழாவில் ஒரு வங்கியின் ஆட்கள் பந்தல் போட்டு, கையெழுத்துப் போட்டால் தோள்பை இலவசம் என்றார்கள். பிள்ளைகளும் பைக்காக வரிசையில் நின்று போட்டார்கள். பிறகு வீட்டுக்குக் கிரெடிட் கார்டு வந்தது. வினிதா அந்த உறையைப் பிரிக்கக்கூட இல்லை. பிரிக்காத கார்டுக்கும் வருடக் கட்டணம், அதற்கு வட்டி, வட்டிக்கு அபராதம் என்று ஏறி, கடைசியில் வசூல்காரன் ஒருவன் சுப்புராயனுக்கே போன் போட்டுவிட்டான். அப்போது அவர் காசிமேட்டில் மீன் ஏலத்தில் நின்றிருந்தார். கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பெண்ணைக் காட்டிக் கடன் வாங்கித் தின்கிறவன் என்று அவன் சொன்னதை அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

வினிதா அந்தப் படிவத்தில் தன் நம்பரை மட்டும்தான் எழுதியிருந்தாள். அப்படியானால் அப்பா நம்பரைக் கொடுத்தது யார்? சுஜா இதைத்தான் கேட்டாள். அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வங்கியோடு என்ன ஒப்பந்தம், அதில் கல்லூரிக்கு என்ன வந்தது, பெற்றோர் நம்பரை யார் கொடுத்தது என்று எழுதிப் போட்டாள். கெடு தாண்டியும் பதில் வராததால் மேல்முறையீடும் செய்தாள். அதற்கான விசாரணை இன்றைக்கு, சங்கத்துக்கும் கல்லூரிக்கும் செயலாளரான தண்டபாணி முன்னால்.

இதில் வெள்ளத்துரைக்கு என்ன நோவு என்று கேட்பீர்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து கடை போட்ட இவர்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று சங்கத்துக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய கல்லூரி அது. தன் கடை வத்தலில் நாலு செங்கலாவது அந்தச் சுவரில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் வெள்ளத்துரைக்கு அலாதிப் பெருமை. போதாக்குறைக்கு இப்போது சங்கத்தின் செயற்குழுவில் வேறு இருக்கிறார். தாய் வீட்டைப் போய்க் கோர்ட்டுக்கு இழுக்கிறாளே என்று அவருக்கு மகள்மேல் ஆற்றாமை.

இன்று காலை சுஜா அப்பா முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டாள். வாசல் வரை போன ஞானசெல்வி, பார்த்துப் பேசு என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகு கடைக்கு வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளத்துரை லோடு இறக்குகிறவர்களை வழக்கத்தைவிட அதிகமாக விரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சங்கத்துக் கணக்கர் நீலமேகம் வந்தார். மகமை வசூலுக்கு வருகிற நாள் இல்லை. வந்தவர் உட்காரவும் இல்லை. குடிக்கக் கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, செயலாளர் எதையும் மறைக்கப் போவதில்லை, பாப்பா கேட்டதையெல்லாம் இன்றைக்கே கையில் கொடுத்துவிடப் போகிறார் என்றார். வெள்ளத்துரையின் முகம் மலர்ந்தது. தண்டபாணி அண்ணாச்சி என்றைக்குமே யோக்கியர் என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

நீலமேகம் காப்பியைக் கீழே வைத்தார்.

"அதில்ல அண்ணாச்சி. பேங்க்காரன் தீர்மானத்துல முன்மொழிந்தவர்னு ஒங்க பேருல்லா இருக்கு."

வெள்ளத்துரைக்கு முதலில் புரியவில்லை. ஞானசெல்விக்குப் புரிந்துவிட்டது.

சங்கத்தின் செயற்குழு வெள்ளிக்கிழமை அந்தியில் கூடும். வெள்ளிக்கிழமை அந்தியில் கல்லாவை விட்டு எழுந்து போகிறவன் வியாபாரியே இல்லை என்பது இவர்கள் கட்சி. ஆகவே கூட்டத்துக்குப் போவது நாலு பேர். மறுநாள் நீலமேகம் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக வருவார், மற்றவர்கள் நின்றபடியே கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். படித்தால் நம்ம ஆள் எழுதியதை நாமே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும், அது பெரிய அவமரியாதை. இன்னொன்றும் உண்டு. அந்த மாதம் யார் வீட்டில் நல்லது நடக்கிறதோ, புதுக் கடை திறப்பதோ பேரன் பிறப்பதோ, அவர் பெயரை ஒரு தீர்மானத்துக்கு முன்மொழிந்தவர் என்று போட்டுக் கௌரவிப்பார்கள். என்ன தீர்மானம் என்று கௌரவிக்கப்பட்டவருக்கும் தெரியாது.

வெள்ளத்துரை மாத்தூரில் இரண்டாவது கடை திறந்த மாதத்தில் அவருக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது. அன்றைக்கு மனிதர் தரையில் நடக்கவில்லை. ஞானசெல்வி பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். ஊரில் இருக்கும் நாத்தனார் வரைக்கும் போன் போட்டு, உங்க தம்பி பேரைப் போட்டிருக்காவ என்று சொன்னவளும் அவள்தான். இப்போது அந்தப் பாயசம் தொண்டையில் திரும்பி வருவது போல இருந்தது.

நீலமேகம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். பாப்பா மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் யார் பேரும் வெளியே வராது. இல்லாவிட்டால் காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்து, அங்கேயே வாசிக்கச் சொல்வதாகச் செயலாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னவர் ஞானசெல்வியைப் பார்க்காமலே படி இறங்கிவிட்டார். அவரைக் கோபித்து என்ன செய்ய, அம்பு என்ன செய்யும்?

லோடுமேன் எதையோ கேட்டான், வெள்ளத்துரையின் காதில் விழவில்லை.

"நீ போ செல்வி. எப்பிடியாவது அவள நிறுத்திரு."

நீங்களே போங்களேன் என்றாள். போனில் சொன்னால் போதாதா என்றும் கேட்டாள். சுஜாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? எம் மவ எங்கிட்டத்தான் வந்து நிக்கப் போறான்னு தெரியாமல்லா கேள்வி கேட்டிருக்கா. அவ அதை வாசிச்சிட்டான்னா, அதுக்கப்புறம் அப்பான்னு ஒரு வார்த்தை அவ வாயில வராது."

அவர் குரல் உடைந்ததை ஞானசெல்வி கல்யாணமாகி வந்த இத்தனை காலத்தில் இரண்டாவது முறையாகக் கேட்டாள். முதல் முறை அவருடைய அப்பா இறந்தபோது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், ஆட்டோவில் போனால் போய்ச் சேர்ந்தபாடில்லை என்று வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினாள். ரயில் சில்லென்று இருந்தது, அவளுக்கு வேர்த்தது. என்ன சொல்லி நிறுத்துவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உன் கல்யாணத்துக்கு நாலு பேர் வேண்டாமா என்று கேட்கலாம். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று பொய் சொல்லலாம். எல்லாமே அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் பெரிய இடைஞ்சல். தப்பாகக் கேட்டிருந்தால் காதைத் திருகி இழுத்து வந்திருப்பாள்.

கல்லூரி வாசலில் சுப்புராயன் தன் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தார். ஞானசெல்வி அவரை ஒருதரம் வினிதாவோடு கடையில் பார்த்திருக்கிறாள். கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட்ட கை சரியாகக் குவியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடி வராந்தாவில் இரண்டு பெண்களும் நின்றார்கள். வினிதாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, இந்த வெயில்ல வந்துகீறீங்க?"

சுஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது. ரயிலில் ஓட்டிப் பார்த்த வசனம் ஒன்றுகூட ஞானசெல்விக்கு நினைவு வரவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். கடைத்திறப்பு, கௌரவம், படிக்காமல் போட்ட கையெழுத்து, நீலமேகம் கொண்டு வந்த சேதி எல்லாவற்றையும். வினிதா பக்கத்தில் நிற்கிறாளே என்று பாதியில்தான் உறைத்தது. அதற்குப் பிறகு நிறுத்தி என்ன பயன்?

சுஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் அம்மா. இப்போதாவது தெரியுமா என்றாள். இப்போதும் தெரியாது.

வினிதா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வுட்டுடு சுஜா. உங்க வூட்ல எத்தினி நாள் சோறு துன்னுகீறேன். அங்கிள மாட்டி வுட்டு நான் இன்னா பண்ணப் போறேன்?"

வாசலில் நிற்கும் அவள் அப்பா எதற்கு வந்திருக்கிறார் என்று ஞானசெல்வி கேட்டாள். தன் நம்பரைக் கொடுத்தவன் யார் என்று இன்றைக்குத் தெரியாவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து வினிதா கல்லூரிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம். ஏலத்தில் இன்னமும் அவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்களாம். அந்தப் பெண் இதை ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

செயலாளர் தண்டபாணி நெற்றி நிறையச் சந்தனம் வைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்லூரி முதல்வர் வேடிக்கை பார்க்க வந்தவர் போல இருந்தார். மேஜைமேல் நாலைந்து காகிதங்கள், அவற்றின்மேல் தண்டபாணியின் உள்ளங்கை. ஞானசெல்வியை வாங்க தாயி என்று எழுந்து வரவேற்றார். சர்பத் வாங்கி வரச் சொன்னார். வெட்டுகிறவன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவானாம், அந்த உபசாரம்.

சட்டப்படி எல்லாம் தயாராக இருக்கிறது, தனக்கு ஒளிவு மறைவு கிடையாது என்று ஆரம்பித்தார். கல்லூரிக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது, வங்கி பணம் தந்தது, நாலு பேர் கூடி முடிவெடுத்தோம் என்றார். அந்த நாலு பேர் மானமரியாதையோடு கடை நடத்துகிறவர்கள் என்றார். பேச்செல்லாம் தேனாகத்தான் இருந்தது.

"ஒனக்குத் தெரியாதது இல்ல மக்கா. கேட்டதைக் குடுக்க நான் தயார். வேண்டாம்னா ஒரே வரி, வாபஸ்னு எழுதிக் குடுத்திட்டு அம்மாவோட சந்தோசமா வீட்டுக்குப் போ."

பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

சுஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசெல்வி வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், எழுதிக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். புருஷன் குரல் உடைந்தது காதிலேயே நின்றது. சுஜா பேனாவை வாங்கினாள், காகிதத்தை இழுத்தாள், தேதி எழுதினாள். நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில் ஞானசெல்விக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வினிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் முதல்வர் தும்மினார். அடுத்துத் தண்டபாணி தும்மினார்.

அறை வாசலில் வெள்ளத்துரை நின்றார். கடையில் போட்டிருந்த அதே சட்டை, தோளெல்லாம் வத்தல் நெடி. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார் என்பதே ஞானசெல்விக்கு நம்ப முடியவில்லை. சாவு வீட்டுக்குக்கூட அவர் அரை ஷட்டர்தான் இறக்கிவிட்டுப் போவார்.

தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்காரு வெள்ளத்துரை, பிள்ளை புத்தியோட முடிச்சிட்டா என்றார். வெள்ளத்துரை உட்காரவில்லை.

"எனக்கும் அந்தத் தீர்மானத்துல ஒரு காப்பி வேணும் அண்ணாச்சி. நான் முன்மொழிஞ்சத நான் இன்னும் வாசிக்கல."

தண்டபாணியின் கை காகிதத்தைவிட்டு எழவில்லை. சங்கத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை, இது நல்லதுக்கில்லை என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றார் வெள்ளத்துரை. பிறகு, யாரைப் பார்த்தென்று இல்லாமல் பேசினார். செல்வி கிளம்பின பிறகு பெரியபாளையத்திலிருந்து ஒரு கடைக்காரர் வந்தாராம். மூட்டையைப் பிரித்து, மேலே கிடந்ததைத் தள்ளிவிட்டு, அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை கேட்டாராம்.

"நானும் அப்பிடித்தான் வாங்குதேன். அடிய பாக்காம ஒரு மூட்டை எங் கடைக்குள்ள வந்ததில்ல. இதுல மட்டும் கைய விட்டுப் பாக்கல பாத்தியளா. வெக்கமா இருக்கு."

அவர் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முதல்வர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கேட்டவருக்குக் கொடுப்பதுதான் சட்டம் என்று முதல் முறையாக வாயைத் திறந்தார். தண்டபாணி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் கையை எடுத்துவிட்டார்.

வெள்ளத்துரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்தார். சரக்குப் பட்டியல் வாசிக்கிற அதே உரத்த குரல். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் வங்கி இவ்வளவு தரும். கலைவிழாவில் பந்தல் போட இடம் தரப்படும். மூன்றாவது வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. அந்த வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார். சேர்க்கைப் பதிவில் உள்ள மாணவ மாணவியரின் கைபேசி எண்களையும், அவர்தம் பெற்றோரின் கைபேசி எண்களையும் வங்கிக்கு வழங்க இக்குழு சம்மதிக்கிறது. முன்மொழிந்தவர், வெள்ளத்துரை.

சுஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தேதி மட்டும் எழுதிய காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

வெள்ளத்துரை மகளைப் பார்க்கவில்லை. வினிதாவைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒங்கப்பா நம்பரக் குடுத்தது நாந்தாம்மா."

அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. அழவில்லை.

"என்னாண்ட சொல்லாதீங்க அங்கிள். என்னையா ஏலத்துல வெச்சுக் கேவலமா பேசினாங்கோ? நைனா கீழ கீறாரு. அவராண்ட சொல்லுங்க."

சுஜா ஏதோ சொல்லப் போனாள். ஞானசெல்வி அவள் தோளைத் தொட்டு அடக்கினாள். வெள்ளத்துரை சரி என்று தலையாட்டினார். காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அந்தக் காகிதத்தோட இந்தப் படி எறங்கினேன்னா, சங்கத்துப் படிய நீ மறுபடி ஏற முடியாது வெள்ளத்துரை," என்றார் தண்டபாணி. "ஒன் மகமையும் வாங்க மாட்டோம், ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கும் வர மாட்டோம். யோசிச்சுக்க."

வெள்ளத்துரை ஒரு கணம் நின்றார். அவர் முதுகை மட்டும்தான் ஞானசெல்வியால் பார்க்க முடிந்தது. அது கொஞ்சம் குனிந்தது. பிறகு படி இறங்கும் சத்தம் கேட்டது.

அம்மாவும் மகளும் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். வினிதா உள்ளேயே நின்றுவிட்டாள். கீழே வெயிலில் மைதானத்தைக் கடந்து வெள்ளத்துரை போய்க்கொண்டிருந்தார். சுப்புராயன் இவரைப் பார்த்து, தெரிந்த மனிதர் ஆயிற்றே என்று சிரித்த முகத்தோடு நிமிர்வது மேலிருந்தே தெரிந்தது. வெள்ளத்துரை அவர் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தார். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. சுப்புராயனின் சிரிப்பு போய்விட்டது. வண்டியை விட்டு விலகி, ஒரு அடி முன்னால் வந்தார்.

சுஜா படியை நோக்கிப் பாய்ந்தாள். ஞானசெல்வி அவள் கையை எட்டிப் பிடித்தாள். விடவில்லை.

"நில்லு. அப்பா சொல்லி முடிக்கட்டும்."